வினை ஏன் நடக்கவில்லை? நீரற்ற அலுமினியம் குளோரைடு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நீரற்ற அலுமினியம் குளோரைடோடு வேலை செய்பவர்களுக்கு வரும் தொல்லைகள் பார்வைக்குப் பத்து விதமாகத் தெரியும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அலுமினியத்தின் காலி இடத்தை யார் பிடித்தார்கள்?

மூன்று குளோரினோடு சேர்ந்த பிறகும் அலுமினியத்தைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்கள்தான் இருக்கின்றன. இன்னும் ஒரு ஜோடிக்கு இடம் காலி. அசைல் குளோரைடு (கார்போனைல் கார்பனில் குளோரின் உள்ள சேர்மம்) வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தால், பென்சீன் போன்ற அரோமாட்டிக் வளையத்தில் கார்பன் தொகுதியை ஏற்றும் ஃப்ரீடல்–கிராஃப்ட்ஸ் வினை நடக்கும். தண்ணீர், ஆல்கஹால், ஈதர், அமீன், விளைபொருளான கீட்டோன் என்று தனி ஜோடி எலக்ட்ரானைக் கையில் வைத்திருக்கும் வேறு யாராவது முன்னாலேயே துண்டு போட்டுவிட்டால், நாம் குடுவையைக் கலக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியையும் இந்தக் கேள்வியோடு படியுங்கள்.

ஒரு முன் எச்சரிக்கை. இது புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் ஹூட் இருக்கும் ஆய்வகத்தில், பாதுகாப்புக் கண்ணாடியும் உலர்ந்த கையுறையும் போட்டுச் செய்கிற வேலை. வீட்டு மேசையில் செய்து பார்க்கிற சங்கதி இல்லை.

பாட்டிலைத் திறந்தால் புகை வருகிறது

கொஞ்சம் புகைந்தால் பயப்பட வேண்டாம், சந்தோஷப்படுங்கள். சரக்கு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். காற்றிலுள்ள ஈரம் தூளைத் தொட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவருகிறது. அதே ஈரத்தோடு சேர்ந்து அது நுண்ணிய அமிலத் துளிகளாகிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புகை அதுதான். ஈரமான நாளில் துளிகூடப் புகையவில்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூடி திறக்க மறுப்பதும், பிளாஸ்டிக் மூடி புடைத்துக்கொண்டிருப்பதும் வேறு கதை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் அலுமினியம் குளோரைடு முழுவதும் நீராற்பகுப்பு அடைந்தால் சுமார் 82 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அறை வெப்பநிலையில் அது 50 லிட்டருக்கு மேற்பட்ட வாயு. முழுவதும் வேண்டாம், நூறில் ஒரு பங்கு நடந்தாலே அரை லிட்டர். இறுக மூடிய கண்ணாடிப் பாட்டிலில் அது எங்கே போகும்? பல ஆண்டுகளாகத் திறக்காத பாட்டிலைத் திறக்க வேண்டி வந்தால் ஹூட்டின் கண்ணாடிக் கதவை இறக்கி, முகக்கவசம் போட்டு, மூடியைக் கால் திருகு மட்டும் தளர்த்தி நிறுத்துங்கள். சீறல் அடங்கிய பிறகு அடுத்த கால் திருகு. புடைத்த பாட்டிலையும், இறுகி நிற்கும் மூடியையும் தட்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள். திறக்காமலே ஆபத்தான கழிவாக ஒப்படைத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். வாரக்கணக்கில் உழைத்துச் செய்த சேர்மம் ஒன்றும் இல்லையே அது.

தூள் கட்டிதட்டியிருக்கிறது, நிறம் வேறாக இருக்கிறது

தூய அலுமினியம் குளோரைடு வெள்ளை. கடையில் வருவது பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். காரணம் இரும்பு குளோரைடு. வழக்கமான அசைலேற்றத்துக்கு (வளையத்தில் அசைல் தொகுதியை ஏற்றிக் கீட்டோன் செய்யும் வினைக்கு) இந்த மஞ்சள் ஒரு குறையே இல்லை. நிறம் முக்கியமான விளைபொருளென்றால் மட்டும் கவலைப்படலாம். சாம்பல் நிறம் என்றால் வினைபுரியாத அலுமினிய உலோகம் கலந்திருக்கிறது. அதனாலும் வினை கெடாது. ஆனால் கடைசியில் அமிலத்தில் கொட்டும்போது அந்த உலோகம் ஹைட்ரஜன் வாயுவை விடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிதட்டிய சரக்கைப் பார்த்ததும் தூக்கிப் போட வேண்டியதில்லை. மேலே ஓடுபோல வெளுத்து உதிரும் பகுதி போய்ச் சேர்ந்துவிட்டது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் கெட்டிக் கட்டியை எடுங்கள். கட்டிக்குப் பரப்பளவு குறைவு என்பதால், பலமுறை திறந்து மூடிய தூளைவிட அது நல்ல நிலையில் இருப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். உலர்ந்த கல்வத்தில் சட்டென்று பொடித்து உடனே பயன்படுத்த வேண்டும்.

செய்யவே கூடாத ஒன்று: ஈரம் பட்ட சரக்கை உலர்த்தும் அடுப்பில் வைத்துக் காயவைப்பது. நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் ஒருவர் இதை நல்லெண்ணத்தோடு செய்தார். தட்டில் மிஞ்சியது எதற்கும் உதவாத வெள்ளைப் பொடி. அடுப்பின் உட்சுவர் ஒரே வாரத்தில் துருப்பிடித்தது. ஏன் அப்படி என்றால், தண்ணீர் சேர்ந்த பிறகு அலுமினியத்தை ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. குளோரைடு வெளியே அயனியாக நிற்கிறது. சூடேற்றினால் அலுமினியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள பிணைப்பு விடுபடுவதில்லை. நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு குளோரைடுதான் ஓடிப்போகிறது. மிச்சம் ஹைட்ராக்சைடு, கடைசியில் ஆக்சைடு. 1825இல் ஓர்ஸ்டெட் நீரற்ற குளோரைடைத் தயாரிக்க, சூட்டில் சிவந்த அலுமினாவும் கரியும் கலந்த கலவையின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்த வேண்டியிருந்தது. இன்று தொழிற்சாலைகளில் உருகிய அலுமினியத்தோடு குளோரினை நேரடியாகவே வினைபுரிய விடுகிறார்கள். இரண்டு வழியிலும் தண்ணீருக்கு வேலையே இல்லை. தூய்மைப்படுத்த வேண்டுமென்றால் ஒரே வழி பதங்கமாக்கல். சுமார் 180 டிகிரி செல்சியஸில் இது உருகாமலே ஆவியாகும். உலர் நைட்ரஜனில், சிறிது அலுமினியத் துண்டும் போட்டுச் செய்தால் இரும்பும் குறையும்.

இன்னொரு எளிய காரணமும் உண்டு. அலமாரியில் இருப்பது ஹெக்ஸாஹைட்ரேட்டாக இருக்கலாம். லேபிளில் மூலக்கூறு எடையைப் பாருங்கள்: 133.3 என்றால் நீரற்றது, 241.4 என்றால் ஆறு நீரோடு உள்ளது. வியர்வைத் தடுப்பான்களில் அந்த ஹைட்ரேட்டுக்கு நல்ல வேலை உண்டு, இங்கே கிடையாது.

சரக்கு நல்லதா என்று ஐயம் வந்தால்

ஹூட்டுக்குள் ஒரு பீக்கரில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, கத்தி நுனியளவு தூளை அதில் போடுங்கள். உஸ்ஸென்று சீறி, சூடாகி, புகைந்தால் உயிர் இருக்கிறது. அமைதியாகக் கரைந்தால் ஹைட்ரேட். கலங்கலாக அடியில் தங்கினால் பெரும்பகுதி ஹைட்ராக்சைடு.

இதைவிட அழகான சோதனை ஒன்று உண்டு. உலர்ந்த சோதனைக் குழாயில் சிறிதளவு அலுமினியம் குளோரைடைச் சூடாக்குங்கள். நல்ல சரக்கு என்றால் பதங்கமாகி மேற்சுவரில் படியும். ஆறிய பிறகு, குளோரோஃபார்மில் கரைத்த நாஃப்தலீனில் இரண்டு சொட்டை அந்தப் படிவின் மேல் வழியவிடுங்கள். நீலம் மின்னும். பென்சீன் வகைகளுக்கு ஆரஞ்சு முதல் சிவப்பு, ஆந்த்ரசீனுக்குப் பச்சை. அரோமாட்டிக் வளையத்தைக் கண்டுபிடிப்பதற்கான பழைய பண்பறி சோதனை இது. நான் இதைத் தலைகீழாக, குளோரைடைச் சோதிக்கப் பயன்படுத்துகிறேன். பதங்கமாக எதுவுமே எழும்பாவிட்டால் நிறத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், பதில் கிடைத்துவிட்டது.

வினை தொடங்கவே இல்லை

ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரவில்லை, நிறம் மாறவில்லை, வினை எவ்வளவு நடந்தது என்று காட்டும் மெல்லடுக்குத் தகட்டில் தொடங்குபொருள் மட்டும்தான் தெரிகிறது. முதலில் எல்லோரும் ஈரத்தின் மேல் பழி போடுவார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். 1 கிராம் தண்ணீர் முழு நீராற்பகுப்பில் சுமார் 2.5 கிராம் குளோரைடைத் தின்னும். ஆனால் ஓர் அலுமினியத்தின் இடத்தைப் பிடிக்க ஒரே ஒரு நீர் மூலக்கூறு போதும். அந்தக் கணக்கில் 1 கிராம் தண்ணீர் 7.4 கிராமை முடக்கிவிடும். கண்ணாடிக் கலங்களை உலர்த்தும் அடுப்பில் காயவைத்துச் சூட்டோடு பொருத்துங்கள். கரைப்பானை உலர்த்துங்கள். குளிர்விப்பானின் தலையில் கால்சியம் குளோரைடுக் குழாய் இருக்கட்டும்.

அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும்: தண்ணீர் எப்போதும் வில்லன் இல்லை. அல்கைலேற்றத்தில் (வளையத்தில் வெறும் கார்பன் சங்கிலியை ஏற்றும் வினையில்) மிகச் சிறிய அளவு ஈரம் புரோட்டான் தந்து வினையைத் தூண்டிவிடும். பியூட்டைல் ரப்பர் தயாரிப்பில் மெத்தில் குளோரைடுக் கரைப்பானில், சுழியத்துக்குக் கீழே சுமார் 100 டிகிரியில், ஐசோபியூட்டிலீனையும் சிறிது ஐசோப்ரீனையும் இதே அலுமினியம் குளோரைடுதான் சங்கிலியாகக் கோக்கிறது. அங்கேயும் நுண்ணளவு தண்ணீர் கூட்டாளிதான். அளவு மிஞ்சினால்தான் பகை.

ஈரம் இல்லையென்று உறுதியானால் அடுத்து அளவைப் பாருங்கள். என் அனுபவத்தில் மிச்சப் பாதித் தோல்விகள் இங்கேதான். பாடப்புத்தகத்தில் ‘வினையூக்கி’ என்று படித்தவர்கள் பத்தில் ஒரு பங்கு மோல் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். அல்கைலேற்றத்துக்கு அது சரி. அசைலேற்றத்தில் பிறக்கும் கீட்டோன் தன் ஆக்சிஜனால் அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. ஆகவே அசைல் குளோரைடுக்கு ஒரு மோலுக்குச் சற்று மேல், வழக்கமாக 1.1 மோல் வேண்டும். 0.1 மோல் அளவில் செய்தால் 14.7 கிராம். அமில நீரிலியோடு (இரண்டு அமிலத் தொகுதிகள் ஒரு நீரை இழந்து இணைந்த சேர்மத்தோடு) செய்தால் பிறக்கும் கார்பாக்சிலேட்டும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வதால் இரட்டிப்பு: 2.2 மோல், அதாவது அதே 0.1 மோல் அளவுக்கு 29.3 கிராம். தாலிக் நீரிலியையும் பென்சீனையும் சேர்த்து பென்சாயில் பென்சாயிக் அமிலம் செய்து, அதைக் கந்தக அமிலத்தில் வளையமாக மூடவைத்து ஆந்த்ரகுயினோன் எடுக்கும் பழைய சாயத்தொழில் வழியில் இவ்வளவு குளோரைடு செலவாவது இதனால்தான். மூலக்கூறில் இன்னொரு எஸ்டரோ நைட்ரைலோ கார்போனைலோ இருந்தால் அதற்கும் ஒரு பங்கு கூடுதலாகக் கணக்கிடுங்கள்.

மூன்றாவது, கரைப்பான். ஈதரில் இது நன்றாகவே கரையும், நிறைய வெப்பத்தோடு. கரைகிறதே என்று ஏமாறாதீர்கள். ஈதரின் ஆக்சிஜன் இடத்தைப் பிடித்துவிட்டது என்பதே அந்த வெப்பத்துக்குப் பொருள். லித்தியம் ஹைட்ரைடோடு சேர்த்து லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு தயாரிக்க ஈதர் பொருத்தம். ஃப்ரீடல்–கிராஃப்ட்ஸுக்கு இல்லை. டெட்ராஹைட்ரோஃபியூரான் இன்னும் மோசம்: அதன் வளையம் திறந்து அசைல் குளோரைடோடு சேர்ந்து குளோரோபியூட்டைல் எஸ்டராகிவிடும். அசிட்டோனில் ஆல்டால் குறுக்கம்: அது தன்னோடு தானே சேர்ந்துகொள்ளும். ஆல்கஹால், டைமெத்தில் சல்ஃபாக்சைடு பக்கமே போக வேண்டாம், கடும் வெப்பத்தோடு வினைபுரியும். டைகுளோரோமீத்தேன் பெரும்பாலும் போதும். அதில் ஒரு வசதியும் உண்டு. தூள் தானாக அவ்வளவாகக் கரையாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அசெட்டைல் குளோரைடு சேர்த்ததும் கரைந்து கரைசல் தெளியும். சரியான ஆள் இடத்தில் உட்கார்ந்துவிட்டதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தெளியாமல் அடியில் வெள்ளையாகப் படிந்தே கிடந்தால் அந்தப் பகுதி செத்த சரக்கு.

இவ்வளவும் சரியென்றால் குறை வளையத்தில்தான். நைட்ரோபென்சீனுக்கு இந்த வினை நடக்காது. அதனால்தான் அதைக் கரைப்பானாகவே வைத்துக்கொள்ள முடிகிறது (ஆனால் அந்தக் கலவையைச் சூடாக்கவே கூடாது). அனிலீனில் நைட்ரஜன் முந்திக்கொள்ளும். முதலில் அசெட்டனிலைடாக மாற்றிக்கொள்ளுங்கள். ஃபீனால் வளையத்தில் ஏறுவதற்குப் பதில் ஆக்சிஜனில் எஸ்டராகும். அது பரவாயில்லை. அந்த எஸ்டரையே அலுமினியம் குளோரைடோடு சூடாக்கினால் அசைல் தொகுதி ஆக்சிஜனிலிருந்து வளையத்துக்குத் தாவும் ஃப்ரீஸ் இடமாற்றம் நடந்து கீட்டோன் கிடைக்கும், தாழ்வெப்பத்தில் பாரா அதிகம், உயர்வெப்பத்தில் ஆர்த்தோ அதிகம்.

ஒன்றும் நடக்காமலிருந்து திடீரென்று பொங்குகிறது

மேலே சொன்னதைவிட இது ஆபத்து. வினை தாமதமாகத் தொடங்குவது இந்தச் சேர்மத்தின் பிறவிக்குணம் மாதிரி. 1877இல் பாரிஸில் சார்ல் ஃப்ரீடலும் ஜேம்ஸ் கிராஃப்ட்ஸும் அமைல் குளோரைடை அலுமினிய உலோகத்தோடு வினைபுரியவிட்டபோது ஹைட்ரஜன் குளோரைடு பொங்கி வந்தது. உலோகம் இல்லை, வினையில் பிறந்த குளோரைடுதான் காரணம் என்று கண்டுகொண்டதிலிருந்து இந்த வினை அவர்கள் பெயரைப் பெற்றது. உங்கள் குடுவையில் அது நல்ல செய்தி இல்லை.

வழக்கமான காரணம் பொறுமையின்மை. குளிர்ந்த கலவையில் முதல் பங்கு சேர்த்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று இரண்டாவது, மூன்றாவது பங்கையும் சேர்ப்போம். வினை விழித்துக்கொள்ளும்போது எல்லாம் சேர்ந்து எரியும். விதி இது: வாயு வரத் தொடங்கி, வெப்பமானி ஏறி, பிறகு இறங்கிய பின்தான் அடுத்த பங்கு. தொடங்காவிட்டால் பனிக்கட்டித் தொட்டியை எடுத்துவிட்டு 10–15 டிகிரி வரை தானாகச் சூடேறவிடுங்கள், மேலும் பொருள் சேர்க்காதீர்கள். கூடுமானால் வரிசையையே மாற்றுங்கள்: அலுமினியம் குளோரைடும் அசைல் குளோரைடும் சேர்ந்த தெளிந்த கரைசலை முதலில் தயார் செய்து, அதில் அரோமாட்டிக்கைச் சொட்டுச் சொட்டாக விடுவது கட்டுப்பாட்டுக்கு எளிது.

திடப்பொருளைப் பங்கு பங்காகப் போடும்போது கழுத்து அடைத்துக்கொள்வது அதோடு சேர்ந்த தொல்லை. கரைப்பான் ஆவி ஏறி வந்து தூளைப் பிசினாக்கும். ஒரு சிறு கூம்புக்குடுவையில் தூளை வைத்து, அகலமான ரப்பர் குழாயால் வினைக்குடுவையின் பக்கக் கழுத்தோடு இணைத்துவிடுங்கள். குழாயை மடக்கி வைத்தால் அடைப்பு, நிமிர்த்தித் தட்டினால் ஒரு பங்கு உள்ளே விழும். காற்றே படாது.

வாயுப்பொறியிலிருந்து தண்ணீர் பின்னால் ஏறுகிறது

வெளிவரும் வாயுவைத் தண்ணீரில் பிடிக்கும் அமைப்புதான் வாயுப்பொறி. குடுவை ஆறும்போது, அல்லது வாயு நின்றதும், ஹைட்ரஜன் குளோரைடு தண்ணீரில் கரைந்துகொண்டே போய் வெற்றிடம் உண்டாகி நீரை இழுக்கும். அலுமினியம் குளோரைடு நிறைந்த குடுவைக்குள் அந்தத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. குழாயை நீருக்குள் முக்கவே கூடாது. தலைகீழ்ப் புனல் நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். நடுவே ஒரு காலிக் குடுவை கட்டாயம்.

விளைபொருள் வந்தது, ஆனால் வேறொன்று

1-குளோரோபுரோப்பேனைப் போட்டு நேர்ச்சங்கிலி புரோப்பைல் பென்சீனை எதிர்பார்த்தால் பெரும்பகுதி ஐசோபுரோப்பைல் பென்சீன் கிடைக்கும். நேர்மின் கார்பன் தன்னை மாற்றிக்கொள்கிறது. உங்கள் தவறு இல்லை. ஒரு தொகுதி ஏறிய வளையம் இன்னும் எளிதாக வினைபுரிவதால் இரண்டு, மூன்று என ஏறுவதும் இயல்பு. பென்சீனைப் பல மடங்கு அதிகமாக எடுத்தால் குறையும். இரண்டுக்கும் நிரந்தரத் தீர்வு, அல்கைலேற்றத்தையே விட்டுவிட்டு அசைலேற்றம் செய்து கீட்டோனை ஒடுக்குவது. கீட்டோன் வளையத்தைச் சோர்வாக்கிவிடுவதால் இரண்டாவது ஏறாது, சங்கிலியும் மாறாது.

வினை முடிந்த பிறகும் இரவு முழுக்க விட்டுவைத்தீர்களா? அல்கைல் தொகுதிகள் இடம் மாறும். சைலீன்கள் மெட்டா வடிவம் நோக்கி நகரும். மெத்தாக்சி தொகுதியிலிருந்து மெத்தில் கழன்று ஃபீனாலாகும். கலவை தாராகக் கறுப்பதும் பெரும்பாலும் சூடு அதிகம், நேரம் அதிகம் என்பதால்தான். ஆழ்சிவப்பு, பழுப்பு வரை கவலை வேண்டாம், அது இணைவுச் சேர்மத்தின் நிறம்.

பிரிபுனலில் வெள்ளைக் கூழ், அடுக்கு பிரியவே இல்லை

வினையை விட இங்கேதான் அதிகம் பேர் விளைபொருளை இழக்கிறார்கள். அந்தக் கூழ் அலுமினியம் ஹைட்ராக்சைடு. தண்ணீர் சுத்திகரிப்பில் பாலி அலுமினியம் குளோரைடு போட்டுக் கலங்கலைப் பிடிப்பது இதே கூழின் திறமையால்தான். நீர் அடுக்கையும் கரைப்பான் அடுக்கையும் பிரிக்கும் பிரிபுனலில் அது உங்கள் கரைப்பானையும் விளைபொருளையும் அதேபோலப் பிடித்துக்கொள்கிறது.

காரணம் அமிலம் போதாமை. பிஹெச் 3க்குக் கீழே அலுமினியம் கரைந்தே இருக்கும். நடுநிலைக்கு அருகில் கூழாகும். 10க்கு மேல் அலுமினேட்டாகத் திரும்பக் கரையும். எனவே கலவையை நொறுக்கிய பனிக்கட்டியும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உள்ள பாத்திரத்தில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். கலவைமேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், அது கொதித்துத் தெறிக்கும். பனி முழுதும் உருகியபின் அரை மணி நேரமாவது கலக்கிக்கொண்டே இருங்கள். கீட்டோன் அலுமினியத்தை விட்டு வர நேரம் எடுக்கும். மகசூல் குறைவாக இருக்கிறதே என்பவர்களில் பலர் இந்த அரை மணியைத்தான் மிச்சம் பிடித்திருப்பார்கள்.

கூழ் வந்தேவிட்டதா? அமிலம் தாங்கும் பொருளென்றால் நீர்த்த அமிலம் சேர்த்துக் குலுக்குங்கள், போய்விடும். தாங்காத பொருளென்றால் ரோஷல் உப்பின் (சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட்) நிறைகரைசலைச் சேர்த்து சில மணி நேரம், தேவைப்பட்டால் இரவு முழுக்கக் கலக்கவிடுங்கள். டார்ட்ரேட் அலுமினியத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நீர் அடுக்குக்கு இழுத்துப் போகும். சோடியம் பைகார்பனேட்டை முதல் கழுவலிலேயே ஊற்றுவதுதான் பெரிய பிழை. அமிலத்தில் இரண்டு முறை கழுவி அலுமினியத்தை வெளியேற்றிய பிறகே அது. நான் ஒரு முறை அவசரத்தில் வரிசை மாற்றி ஊற்றி, ஒரு லிட்டர் புனலில் தயிர்போல உறைந்ததைப் பார்த்துக்கொண்டு மாலை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

சிந்திவிட்டது

தோலில் பட்டால் உலர்ந்த தூளை முதலில் துணியால் தட்டிவிடுங்கள். அப்புறம் ஓடும் நீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவுங்கள். கண்ணில் பட்டால் தட்டுவது, துடைப்பது எதுவும் இல்லை, நேராக நிறைய நீர், உடனே மருத்துவர். மேசையில் சிந்தியதை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். உலர் மணலால் மூடி அள்ளி, உலர்ந்த கலத்தில், இறுக மூடாமல் ஹூட்டுக்குள் வையுங்கள். பக்கத்தில் தீப்பிடித்தாலும் தண்ணீர் கூடாது, உலர்பொடி அணைப்பான்தான். மிச்சச் சரக்கை அழிக்க நினைத்தால், பெரிய பீக்கரில் பனிக்கட்டி, அதன் மேல் சிறு சிறு கரண்டியாகத் தூள், ஒவ்வொரு கரண்டிக்கும் சீறல் அடங்கும்வரை இடைவெளி.